ஏழு மணி ரிலீஃப்

ஓஹையோ மாநிலத்தில் பிரையர்ஃபோர்ட் என்று ஓர் ஊர் இருந்தது, இன்னும் இருக்கிறது, ஆனால் இருப்பதைவிட இருந்ததைப் பற்றிப் பேசினால்தான் அந்த ஊர்க்காரர்கள் முகத்தில் களை வரும். அந்த ஊரில் லாக்வுட் கண்ணாடித் தொழிற்சாலையை மூடி முப்பத்தோரு வருஷம் ஆன பிறகும் அதன் உலை ஆறவில்லை என்பதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. எரிவாயுக் கம்பெனிதான் ஆரம்பத்தில் கொஞ்சம் பதறியது. மூன்று தடவை ஆள் அனுப்பி மீட்டரைப் பார்த்தது, மூன்று தடவையும் மீட்டர் பூஜ்யத்தில் நின்றது, நான்காவது தடவை மீட்டர் பார்க்கப் போன ஆளையே வேலையை விட்டு நிறுத்தி விஷயத்தை முடித்துக்கொண்டது.

ஊர் வளர்ந்த கதையும் இந்த லட்சணம்தான். ஒரு விவசாயி கிணறு தோண்டினான், தண்ணீருக்குப் பதில் எரிவாயு வந்தது, என்னவோ நாற்றமடிக்கிறதே என்று தீக்குச்சியைக் கிழித்துக் குனிந்து பார்த்தான், மாட்டுக் கொட்டகையும் அவன் மீசையும் போயின. அந்த வெளிச்சத்தை நாற்பது மைலுக்கு அப்பால் ரயிலிலிருந்து பார்த்த லாக்வுட் என்கிற பாட்டில் வியாபாரி அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி வந்து தொழிற்சாலை கட்டினான். பிறகு போலந்திலிருந்து வந்தார்கள், தெற்கே பருத்திக் காட்டிலிருந்து கறுப்பர்கள் வந்தார்கள், கடைசியில், விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் படித்துவிட்டு எழுபத்தைந்தில் நானும் என் மனைவி மங்கையும் போய்ச் சேர்ந்தோம். எண்பதாயிரம் பேர், ஒன்பது சினிமாக் கொட்டகை, ஓர் ஆப்பரா மண்டபம், பதினேழு பல் டாக்டர். உலகத்தில் எவன் எதை ஊறப்போட்டாலும் எங்கள் ஜாடியில்தான் போடுவான் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். பிள்ளைகள் நம்பினார்கள், பெற்றவர்களும் நம்பினார்கள், அதனால் உலகம் பிளாஸ்டிக்கில் குடிக்கத் தொடங்கியபோது அதைப் பற்றி அந்த ஊருக்கு யாரும் சொல்லவில்லை.

தணிகாசலம் என்ற என் பெயரைத் தொழிற்சாலை முதல் நாளே உடைத்து டானி என்று ஆக்கிவிட்டது. என்னை உலைக்குப் போட்டார்கள். கண்ணாடி உலை என்பது அடுப்பு மாதிரி அல்ல, வேண்டும்போது பற்றவைத்து வேண்டாதபோது அணைக்க முடியாது. இரவு பகல் பத்து வருஷம் விடாமல் எரியும், ஒரு நாள் ஆறவிட்டால் உள்ளே இருக்கும் இருநூறு டன் கண்ணாடியும் கல்லாகி, உலையையே வெடி வைத்துத்தான் உடைக்க வேண்டும். அதனால் அங்கே ஒரு முறை உண்டு. ஷிப்ட் முடிகிறவன், கூரையில் தொங்கும் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடிப்பான். அடுத்த ஷிப்ட்காரன் வந்து உலையைச் சுற்றியிருக்கும் இரும்புக் கம்பியில் கை வைத்து, நீலக் கண்ணாடி வழியே உள்ளே ஒரு தடவை பார்த்து, "நான் பார்த்துக்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போகிறவன் "அப்ப நான் போறேன்" என்பான். இந்த இரண்டு சொல்லும் சொல்லி முடியாமல் ஒருவன் நகரக்கூடாது; பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்றாலும், பூமி பிளந்தாலும் நகரக்கூடாது. ரிலீஃப், அதாவது மாற்ற வருகிறவன், வராவிட்டால் மூன்று தடவை அடித்துப் பார்க்கலாம்; அதற்கும் யாரும் வராவிட்டால்தான் அவன் பொறுப்பு தீரும். மூன்று தடவையும் அடிக்க வேண்டி வந்ததாகத் தொழிற்சாலைச் சரித்திரத்திலேயே இல்லை, ஏனென்றால் ரிலீஃப் வராத நாளே அங்கே இருந்ததில்லை.

எண்பத்து நான்காம் வருஷம் பொங்கலன்று காலை ஆறு மணிக்கு ஃபோர்மேன் எனக்குப் போன் பண்ணினான்.

"டானி, வராதே. கேட்டைப் பூட்டியாச்சு."

"எப்பத் திறப்பாங்க?"

"திறக்க மாட்டாங்க. லாக்வுட் பேரன்கள் ஃப்ளோரிடாவுல படகு வாங்கியிருக்காங்களாம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பொங்கலும் அதுவுமாக லீவு கிடைத்ததே என்று இரண்டு தட்டு சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தேன். உலை அறையில் ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டாஷ் வோய்னாருக்கு யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த அறையின் டெலிபோனை முந்தின நாளே சிக்கனத்துக்காக வெட்டியிருந்தார்கள். ஆறரைக்கு ரோட்டிலேயே எரிவாயுக் குழாயை மூடினார்கள். ஏழுக்கு ஸ்டாஷ் தண்டவாளத்தை அடித்தான். ஏழு மணி ரிலீஃப் வரவில்லை. கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது: ஏழு முதல் மூன்று வரை, டானி. அதனால் அவன் மறுபடி அடிக்காமல் உட்கார்ந்து காத்திருந்தான். உலையும் காத்திருந்தது. காரணம் என்று கேட்டால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மூன்று பேராசிரியர்கள் வந்து ஆராய்ச்சி செய்து இருநூறு பக்கம் எழுதினார்களே, அதில் இதுகூட இல்லை.

ஸ்டாஷை வெளியேற்ற பேங்க்காரர்கள் வந்தார்கள், ஷெரீஃப் வந்தார். "ரிலீஃப் வரட்டும்" என்றான். அதட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், வேர்த்துப்போய்த் திரும்பிவிட்டார்கள். அவன் மனைவி ஹெலன் ஜன்னல் வழியாக சூப் கொடுத்தாள். அவன் தொழிற்சாலை கேட் வரைக்கும் நடப்பான், அதைத் தாண்டிக் கால் வைக்க மாட்டான். ஒன்பது வருஷம் கழித்து ஹெலன் இறந்தபோது சவ ஊர்வலம் அவனுக்காகச் சுற்றிக்கொண்டு கேட் வழியாக வந்தது. கம்பிக்குள்ளிருந்து தொப்பியைக் கழற்றினான், பெட்டி திருப்பத்தில் மறைந்ததும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான். அன்றைக்கு அவன் மகள் ஹான்கா, "இந்த ஊர்ல இனி கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லி அரிசோனாவுக்குப் போனவள்தான். அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது.

தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டி ஓடுவது சூளைத் தெரு. நாற்பது வீடு. ஊரெல்லாம் பனி முழங்கால் வரை கிடந்தாலும் சூளைத் தெருவில் தரையில் விழும் முன்பே மழையாகிவிடும்; ஜனவரியில் டுலிப் பூக்கும், பூனைகள் கணக்கில்லாமல் குட்டி போடும், வேலையிழந்தவர்கள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து முழங்கால் வலி போய் எழுந்திருப்பார்கள், அதனால் பல் டாக்டர்களுக்கு அடுத்தபடியாக எலும்பு டாக்டரும் ஊரைக் காலி செய்தார். போலந்துக்காரிகள் ரொட்டி மாவை அந்தச் சுவரோரம் வைத்தார்கள், முட்டைகோசைப் புளிக்கப்போட்டார்கள். முன்பு விளக்குக் கண்ணாடிகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்த ஆடெல், ஆஸ்பத்திரித் துணிகளை வாங்கித் துவைத்துச் சுவரில் உலர்த்திப் பிழைத்தாள். சுவருக்கு அடிதடி வந்துவிடக் கூடாது என்று ஒரு சுவர்க் கமிட்டி போட்டு, வீட்டுக்குப் பதினோரு செங்கல் அகலம் என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரு தம்பதி விவாகரத்துக்குப் போய், வீட்டை, காரை, நாயைக்கூடப் பங்கு போட்டுவிட்டு, பதினோரு செங்கலை இரண்டாக வகுக்க முடியாமல் மறுபடி சேர்ந்து வாழ்ந்தார்கள். இரண்டு பேருக்கும் அதைவிடப் பெரிய தண்டனை எந்தக் கோர்ட்டும் கொடுத்திருக்காது.

எங்கள் வீடு நாலு தெரு தள்ளி. ஓஹையோ குளிரில் இட்லி மாவு என்பது எத்தனை நாளானாலும் அரைத்தபடியே கிடக்கும், அது ஒரு துக்கம். மங்கை ஆடெலோடு சிநேகம் பிடித்து, அக்கா அக்கா என்று கூப்பிட்டு, அவள் பங்கில் இரண்டு செங்கல் வாங்கிவிட்டாள். ஆடெலும் பதிலுக்கு மங்கையை அக்கா என்றே கூப்பிட்டாள்.

"அக்கா, உன் மாவு பொங்கி வழிஞ்சு என் துணியெல்லாம் உளுந்து வாசனை."

"பொங்கினா நல்ல சகுனம் அக்கா."

"ஆபரேஷன் பண்ற டாக்டருக்கு அதைப் போய்ச் சொல்லு."

அந்த மாவில் வார்த்த இட்லியை ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் ஸ்டாஷுக்குக் கொண்டுபோவேன். ஜன்னல் வழியாகத்தான் கொடுப்பேன். முப்பத்தோரு வருஷமும் ஜன்னல் வழியாகத்தான். உள்ளே ஒரு தடவைகூடப் போகவில்லை. நான் உள்ளூர்ப் பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியாராகிவிட்டேன், பென்ஷன் வந்துவிட்டது. கம்பியில் கை வைத்து அந்தச் சொல்லைச் சொன்னால் என்னை மாற்ற யார் வருவார்கள்? போதாததற்கு நாற்பது வீட்டின் ரொட்டியும் துணியும் மாவும் அவன் காத்திருப்பதால்தான் நடக்கிறது, ஆகவே நான் போகாமல் இருப்பதே ஊருக்குச் செய்யும் தொண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸ்டாஷ் ஒரு நாளும் கேட்டதில்லை. இட்லியை வாங்குவான், சாப்பிடுவான், கடிகாரத்தைப் பார்ப்பான். அவ்வளவுதான். திட்டியிருந்தாலாவது எனக்கு ராத்திரியில் தூக்கம் வந்திருக்கும்.

இத்தனைக்கும் நகரசபை என்ன செய்தது என்றால், உலை ஆறிவிட்டது என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆறு பேர் ஆதரித்தார்கள், ஏழாமவர் சுவரில் சாய்ந்து குளிர் காயப் போயிருந்தார். செத்த தொழிற்சாலை சூடாக இருக்கிறது என்று சொன்னால் புது முதலாளிகள் வரமாட்டார்களாம். பிறகு ஊரை எழுப்புவதற்காக, கடலே இல்லாத ஊரில் மீன் காட்சிசாலை கட்டினார்கள், மீன்கள் ஒரே குளிர்காலத்தில் ஐஸ்கட்டிக்குள் ஃபோட்டோ மாதிரி நின்றன. மாநாட்டு மண்டபம் கட்டினார்கள், ஊர் ஏன் அழிந்தது என்பதைப் பற்றி ஒரே ஒரு மாநாடு நடந்தது. ஆகாய ரயில் விட்டார்கள், அது மீன் காட்சிசாலையிலிருந்து மாநாட்டு மண்டபத்துக்குப் போய் அங்கிருந்து வெட்கத்தோடு திரும்பியது. ஒவ்வொரு மேயரும் ஊருக்கு ஒரு புது வாசகம் எழுதி எல்லையில் போர்டு வைத்தார், மக்கள் அந்த போர்டைப் படித்துக்கொண்டே ஊரை விட்டுப் போனார்கள். எண்பதாயிரம் இருபத்தையாயிரம் ஆயிற்று.

அப்போதுதான் கோல்பி ட்ரென்ட் வந்தான். தாடி, ஒரு நாளும் வேலை செய்யாதவன் போடும் வேலைக்கார பூட்ஸ், எங்கள் பழைய ஊறுகாய் ஜாடியில் காப்பி குடிப்பான். சுவரில் கையை வைத்தான், எடுக்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லாரும் பக்தி என்று நினைத்தார்கள். ஹீட்டர் போடாமலே அறுபத்து நான்கு ஃபிளாட் கட்டி விற்கலாம் என்ற ஆனந்தக் கண்ணீர் அது. நகரசபை உடனே பழைய தீர்மானத்தை ரத்து செய்து, உலை ஆறவே இல்லை, அது ஊரின் பொக்கிஷம் என்று புதுத் தீர்மானம் போட்டுத் தொழிற்சாலையை ஒரே ஒரு டாலருக்கு அவனிடம் கொடுத்தது. சூளைத் தெரு வீடுகளை இடித்து, காருக்கு ஒரு மைதானமும் நாய்களுக்கு ஒரு பூங்காவும் அமைப்பது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு வீடாகக் காலியானது. கோசு ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார்கள், பூனைகள் கடைசியாகப் போயின. ஆடெலுக்கு ஊர்க் கடைசியில், மின்சார ஹீட்டர் வைத்த ஓர் அறை கொடுத்தார்கள். அவளுடைய பதினோரு செங்கலை இயந்திரத்தால் அறுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ‘தொழிலாளர் வாழ்க்கை’ என்று கீழே எழுதினான் கோல்பி. அவள் பெயரை எழுதவில்லை.

ஸ்டாஷை அவன் விரட்டவில்லை. அதுதான் அக்கிரமம். சட்டையில் பெயர்ப்பட்டை குத்தி, பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் விருந்தாளிகளுக்குக் கதை சொல்ல வேண்டும் என்றான்.

"உலையை நீ பார்த்துக்கறியா?" என்று ஸ்டாஷ் கேட்டான்.

"எங்க டீம் பார்த்துக்கும் சார்."

"டீமுக்குக் கை இருக்கா? கம்பியில வைக்கச் சொல்லு."

கோல்பி சிரித்துவிட்டுப் போனான். ஜனவரியில் திறந்தால்தான் வெப்பம் விற்கும் என்று, திறப்பு விழாவுக்குப் பதினான்காம் தேதி, மூன்று மணி என்று நாள் குறித்தான்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, இட்லியை வாங்கிய ஸ்டாஷ் அதைச் சாப்பிடவில்லை.

"ஹான்காவுக்கு இதய ஆபரேஷன். பதினாறாம் தேதி. கோல்பி ஆபீசுக்குப் போன் பண்ணிச்சு, டானி. இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை. வாப்பான்னு சொல்லுச்சு."

"போக வேண்டியதுதானே?" என்றேன், வெட்கமில்லாமல்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு கரும்பலகையைப் பார்த்தான். அந்த சாக்பீஸ் எழுத்தை அவன் அழியவிட்டதில்லை; மங்க மங்க மேலேயே எழுதியிருக்கிறான். பிறகு முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து மங்கையிடம் சொன்னேன். அவள் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்களை நான் இத்தனை நாளா ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? அக்கா தெருவுல இருந்தா, அந்த ஜனங்க குளிர்ல சாகக் கூடாதுன்னு இருந்தேன். இப்ப அங்க யாரு இருக்கா? நாயி விளையாடுது. போய் அந்த மனுஷனை மாத்தி விடுங்க."

"அதுக்கப்புறம் என்னை யாரு மாத்துவா?"

"வரலேன்னா மூணு தடவை அடிச்சுப் பாக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க. அடிச்சுப் பாருங்க."

பதினான்காம் தேதி காலை பழைய ஜாக்கெட்டையும் இரும்பு மூக்கு வைத்த பூட்ஸையும் தேடிப் போட்டுக்கொண்டேன். மங்கை டிபன் பாக்ஸில் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் வைத்தாள். "முப்பத்தோரு வருஷம் லேட்டு. சம்பளத்துல பிடிச்சுருவான்" என்றாள். ஆடெல் தன் காரை எடுத்து வந்திருந்தாள். ஸ்டாஷை விமான நிலையத்துக்குக் கொண்டுபோவதற்கு.

ஏழு மணிக்கு உலை அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஸ்டாஷ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"லேட்" என்றான்.

"பனி" என்றேன்.

"ம்."

கம்பியில் கை வைத்தேன். நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே எல்லாம் நான் விட்டபடியே இருந்தது. "நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவன் முறைப்படி ஒப்படைத்தான்: மேல்வளைவில் சூடு சரி, இடப்பக்க வாயில் கொஞ்சம் சோம்பல், மூன்றாவது பர்னர் மேல் ஒரு கண் இருக்கட்டும். பர்னர்கள் துருப்பிடித்து உதிர்ந்து முப்பது வருஷம் ஆகிறது. சரி என்று தலையாட்டினேன். "அப்ப நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, பெயர்ப்பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான், தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நடந்தான். கேட்டைத் தாண்டியதும் அவனுக்கு உடம்பு நடுங்கியதாக ஆடெல் பிறகு சொன்னாள். குளிர் என்றால் என்னவென்றே மறந்துபோயிருந்தானாம்.

நான் ஷிப்ட் பார்த்தேன். எட்டு மணி நேரமும் பார்த்தேன், கண் அசரவில்லை. பன்னிரண்டுக்குத் தயிர்சாதம் சாப்பிட்டேன். ஒரு மணிக்குக் கோல்பி எட்டிப் பார்த்தான்.

"பெரியவர் எங்கே?"

"ஷிப்ட் முடிஞ்சு போயிட்டார்."

"நீங்க?"

"ரிலீஃப்."

"அப்போ கதை நீங்க சொல்லுவீங்களா?"

"மூணு மணிக்குச் சொல்றேன்."

மூன்று மணிக்கு முற்றத்தில் மேயர், ரிப்பன், கத்தரிக்கோல், வாத்தியக் குழு, ஃபிளாட் வாங்கிய அறுபத்து நான்கு குடும்பம், குளிர்காலத்தில் மெல்லிய சட்டை போட்டு நிற்கும் அவர்களுடைய பெருமை. நான் தண்டவாளத்தை அடித்தேன். விழாவில் ஓர் அங்கம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். கதவருகே வந்து கோல்பியைக் கூப்பிட்டேன். "தம்பி, என் ஷிப்ட் முடிஞ்சுது. இந்தக் கம்பியில கை வை, இதுல பாரு, பார்த்துக்கறேன்னு சொல்லு. அடுத்தவன் வர்ற வரைக்கும் நகரக்கூடாது. அவ்வளவுதான் கஷ்டம்."

"சார், அதுக்கெல்லாம் சென்சார் மாட்டியிருக்கோம்" என்றான், கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

இரண்டாவது தடவை அடித்தேன். மேயரைக் கேட்டேன். அவருக்கு நாலு மணிக்கு வேறொரு வாசகம் எழுத வேண்டியிருந்ததாம். மூன்றாவது தடவை அடித்துவிட்டு, அறுபத்து நான்கு குடும்பத்தையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டேன்: "யாராவது பார்த்துக்கறீங்களா?" ஒருவன் மட்டும் கை தூக்கினான். காரை எங்கே நிறுத்துவது என்று கேட்டான்.

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டேன். கேட்டைத் தாண்டும்போது பின்னால், ஏரியில் பனிப்பாளம் விரிசல் விடுகிற மாதிரி நீளமாக ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய், பார்த்தேன். முப்பத்தோரு வருஷமாக அந்த முற்றத்தில் தரை தொடாத பனி, மேயரின் தொப்பியில் விழுந்து, கரையாமல் உட்கார்ந்தது.

அந்த வாரமே நகரசபை கூடியது. உலை ஆறவில்லை, வெப்பம் தற்காலிகமாக ஓய்வெடுக்கிறது என்று தீர்மானம். ஆறு பேர் ஆதரித்தார்கள். ஏழாமவர் ஹீட்டர் வாங்கப் போயிருந்தார், கடையில் அறுபத்து நான்கு பேர் அவருக்கு முன்னால் நின்றார்கள். ஆடெல் மங்கைக்குப் போன் பண்ணி, மாவுக்கு என்ன செய்கிறாய் அக்கா என்றாள். ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்துப் பார்க்கிறேன், ஒப்பேறுகிறது என்றாள் மங்கை.

பிப்ரவரியில் ஸ்டாஷ் அரிசோனாவிலிருந்து கூப்பிட்டான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஹான்கா எழுந்து நடக்கிறாள், தலைமுடி முக்கால்வாசி நரைத்திருக்கிறது, தான் பக்கத்தில் இல்லாமலே நரைத்துவிட்டதே என்று அதைத் தானே வாரிவிட்டானாம். எல்லாம் சொல்லி முடித்தான். பிறகு கேட்டான்:

"ரிலீஃப் வந்தானா?"

"வரல."

"எத்தனை தடவை அடிச்ச?"

"மூணு."

"ஷிப்ட் முழுசாப் பார்த்தியா?"

"எட்டு மணி நேரமும் பார்த்தேன்."

பின்னால் மகள் சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டது.

"அப்ப சரி" என்றான்.